மூன்று தரம் கூப்பிட்டால்தான்

என்னை வீட்டில் ஒருதரம் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டேன். மூன்றாம் தரம்தான் "என்ன?" என்று கேட்பேன். ஹவுன்ஸ்லோவில் நாங்கள் இருந்தது சின்ன வீடு. மேலே தும்மினால் கீழே குசினியில் கேட்கும். ஆகவே காதில் விழவில்லை என்று நான் சாட்டுச் சொல்லவும் முடியாது. "உன்ரை அம்மாவுக்குக் காது மந்தம்" என்று என் கணவர் மகளிடம் பகிடி விடுவார். காரணம் தெரிந்தவர் என்றபடியால்தான் அவர் அதைப் பகிடியாக்கி வைத்திருந்தார்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் மங்கும் மைம்மல் பொழுதில் வெளியே நின்று யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதற் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது. பேய் ஒருதரம்தான் கூப்பிடுமாம், மனிதர்கள்தான் மூன்று தரம் கூப்பிடுவார்களாம். நான் அதையெல்லாம் நம்பாதவள், படித்த திமிர். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒருநாள் பொழுதுபடும் நேரம் எங்கள் வாசல் படலையில் நின்று யாரோ என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரேயொரு தரம். "ஓம், வாறன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. கூப்பிட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் என் வாய் உடனே திறப்பதில்லை. அடுத்த வருடமே மகளையும் கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பழக்கமும் எங்களோடு வந்தது.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். ஒஸ்ரியாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு வாரம் பனிச்சறுக்குப் பழக்கப் போகிறார்களாம். வாசித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சறுக்கி விழுவதற்கு மலைக்குப் போக வேண்டுமா? ஜனவரி மாதம் எங்கள் வாசலில் கால் வைத்தாலே போதும். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் குசினியில் எனக்கு விடிய ஆறு மணிக்கு ஷிப்ட். அதற்குப் போகும் வழியில் நான் இரண்டு தரம் விழுந்து முழங்கால் வீங்கியவள். "ஏலாது" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து வைத்தேன்.

இவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாப் பிள்ளையளும் போகுதுகள். நீர் பயப்பிடுறீர் எண்டதுக்காக அவள் வீட்டுக்கை இருக்கிறதே?"

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் அன்று அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை. மறுநாள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எங்களிடம் அப்போது கடவுச்சீட்டு இல்லை, அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஒன்றும் செய்யாமல் புறப்படலாம். எங்கள் பிள்ளைக்கோ விசா வேண்டும். ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு தூதரக வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டி, எதற்காகப் போகிறாள் என்று கேட்டார். "சறுக்கி விளையாட" என்றேன். அகதிக்குச் சறுக்கு விளையாட்டா என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

புறப்படுவதற்கு முன் பாடசாலை மண்டபத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். நெடிய ஒரு ரீச்சர் அந்த ஊரின் படங்களைத் திரையில் காட்டினார். ஒரே ஒரு தெரு, ஒரு தேவாலயம், மலைமேல் ஏறிப் போகும் தொங்கு நாற்காலிகள். பனிப்பாதையின் ஓரமாக இலக்கம் போட்ட கம்பங்கள் நட்டிருந்தார்கள். பனிமூட்டமாய்ப் புகார் இறங்கினால் கம்பத்தை விட்டு விலகக் கூடாது என்றார். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், இறக்கம்தானே என்று காட்டுக்குள் இறங்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு செம்மஞ்சள் விசில் இருக்கும். ஒரு நிமிடத்தில் ஆறு தரம் ஊதி, விட்டு, மறுபடியும் ஊத வேண்டும். யாராவது கூப்பிட்டால் உடனே, உரத்துப் பதில் சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும் எனக்குச் சம்மதம்தான். கடைசி விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. கையை உயர்த்தி, கூப்பிடுவது யார் என்று கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. "அந்த ஊர்ச் சனங்கள்" என்றார். "பிள்ளை ஒன்றைக் காணவில்லை என்றால் கடையைப் பூட்டிவிட்டு வருவார்கள். மீட்புக்காரர்கள் வருவார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவார்கள்."

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அது தேறுதலாக இல்லை. மங்கல் வெளிச்சத்தில், சீருடை போட்ட முன்பின் தெரியாத ஆண்கள், என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம்.

போகிறதுக்கு முதல் நாள் பின்னேரம் பெட்டி அடுக்கினோம். கம்பளிக் காலுறை, உள்ளுக்குப் போடும் தடித்த பெனியன், ஒரு சின்னக் கடதாசிச் சரையில் விபூதி. எல்லாம் வைத்து முடித்ததும் அவளைக் கட்டிலில் இருத்தினேன்.

"ரீச்சர் சொன்னதெல்லாம் கேள். ஆனா ஒண்டு. ஆர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூண்டு தரம் கூப்பிடுமட்டும் வாய் திறக்கப்படாது. விளங்குதோ?"

அவள் ஆங்கிலத்தில் சிணுங்கினாள். இது வேறு இடம், அங்கே அப்படி ஒன்றும் இல்லை, ரீச்சர் வேறு மாதிரியல்லவா சொன்னார் என்றாள்.

"ரீச்சருக்கு என்ன தெரியும்? என்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லு."

ஏனென்று அவளுக்கு நான் சொல்லவில்லை. தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, சுவரில் மாலை போட்ட படத்தில் ஒரு மாமா இருக்கிறார் என்பது மட்டுந்தான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் தலையில் கையை வைத்தாள்.

நாலாம் நாள் நான் வேலையால் வந்து மேலங்கியைக் கழற்றும் நேரம் ரெலிபோன் அடித்தது. மணி மூன்றரை இருக்கும். அங்கே எங்களைவிட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. பிள்ளைகளோடு போயிருந்த பெண் ரீச்சர் ஹோட்டலிலிருந்து பேசினார். மத்தியானத்துக்குப் பிறகு திடீரென்று புகார் இறங்கிவிட்டது, எல்லோரும் வரிசையாகக் கீழே வந்தார்கள், எண்ணிப் பார்த்தால் உங்கள் மகள் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகத் தேடுகிறார்கள். கடைசியாகக் கண்ட இடம் தெரியும், தூரம் போயிருக்க முடியாது.

"பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகிறார்கள்" என்றார். "பதில்தான் இல்லை. விசில் சத்தமும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது."

மாடிப்படியில் குந்திவிட்டேன். அவர்கள் பயந்தது அவள் மயங்கிக் கிடக்கிறாளோ என்று. நான் பயந்தது வேறு. அவளுக்குக் கேட்கும். குரல் எல்லாம் கேட்டுக்கொண்டு, என் தலையில் வைத்த கையை நினைத்துக்கொண்டு, அவள் வாயை மூடிக்கொண்டு இருப்பாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். இருட்டிய பிறகு அந்தக் குளிரில் ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் இருக்கும்? நானே என் பிள்ளையின் வாயைப் பொத்திப் பனிக்குள் விட்டுவிட்டேன்.

அந்த ரீச்சரிடம் அதைச் சொல்ல எனக்குக் கூசியது. காட்டுச் சனங்கள் என்று நினைப்பாரே என்ற வெட்கம், அந்த நேரத்திலும் அது ஒரு கணம் வந்தது. இன்றைக்கும் அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் மன்னிக்கவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவளுக்குக் கேட்கும். ஆனால் பதில் சொல்ல மாட்டாள். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்."

ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏன் என்றுகூட அந்தப் பெண் கேட்கவில்லை. "அப்படியென்றால் நாங்கள் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டார்.

"வா பிள்ளை" என்றேன். "தமிழில் சொல்லுங்கள். மூன்று தரம், நின்ற இடத்திலேயே நின்று. மூன்று தரமும் கூப்பிட்டு முடியுமட்டும் அங்காலே போகக் கூடாது."

அவர் எழுதிக்கொண்டார். எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். நான் திருத்தினேன், மறுபடி சொன்னார். பிறகு மலையில் நின்றவர்களோடு பேசும் வயர்லெஸ் பெட்டியில் அதைச் சொல்லிக் கொடுப்பது எனக்குக் கேட்டது. இரைச்சலுக்கு நடுவே ஒரு கிழட்டு ஆண் குரல், "வா பில்லே?" என்று கேட்டது. "ஓம், ஓம், அதுதான்" என்று நான் ஹவுன்ஸ்லோவில் இருந்து கத்தினேன்.

ரெலிபோனை வைத்தபிறகு இவருடைய வேலையிடத்துக்கு அடித்துச் சொல்லக்கூட இல்லை, லைன் மறிபட்டுவிடும் என்று. ஈலிங் அம்மனுக்கு நேர்ந்து வைப்போம் என்று கையெடுத்தேன், கேட்க வாய் வரவில்லை. பிள்ளையைப் பேசாதே என்று மறித்தவள் நான். எந்த முகத்தோடு அம்மனிடம் போய்க் கேட்பது? படியில் இருந்து ஜன்னல் வெளிச்சம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இதைவிட இருட்டியிருக்கும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

ஐம்பது நிமிடம் சென்றிருக்கும். மறுபடி மணி அடித்தது. வாழ்க்கையில் முதல்முறை, முதல் மணி முடிவதற்குள் எடுத்தேன். ரீச்சர் அழுதுகொண்டே சொன்னார்: "இருக்கிறாள். கதைக்கிறாள். கை விரல்தான் விறைத்திருக்கிறது."

இரவு இவர் வேலையால் வந்தபிறகு மறுபடி அடித்து, பிள்ளையை உடனே திருப்பி அனுப்பவா என்று கேட்டார்கள். மகளோ மிச்ச நாளும் நிற்கப் போகிறேன் என்றாளாம். இவர் என்னைப் பார்த்தார். "நிக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். மூக்கு நுனி உரிந்திருந்தது. குசினி மேசையில் இருத்திச் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். புகாருக்குள் முன்னுக்குப் போனவர்களின் முதுகு மறைந்துவிட்டதாம். ரீச்சர் சொன்னபடி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். காற்றுக்கு ஒதுங்கிப் பக்கத்தில் இருந்த ஒரு பலகைக் கொட்டிலின் மறைவில் போய்க் குந்தியிருக்கிறாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டவை அம்மா. ஒருக்கா, ரெண்டுதரம். மூண்டாவது வரமுதல் குரல் அங்காலை போயிட்டுது. பிறகும் வந்தவை. பிறகும் ரெண்டுதரம்தான்."

"விசிலை ஊதியிருக்கலாமே பிள்ளை?"

"ஊதினா பதில் சொன்ன மாதிரித்தானே?" என்றாள். "வாய்க்கை வைச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

அப்புறம் ஒரு தாடிக்காரக் கிழவர் வந்து, அசையாமல் நின்று, அந்த விசித்திரமான தமிழில் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். மூன்றாம் தரம் கூப்பிட்டு முடிந்ததும் "ஓம்" என்றாளாம்.

கையைக் கழுவிவிட்டு வந்து அவள் என்னைக் கேட்டாள், ஏன் அம்மா என்று. இனியும் மறைக்க எனக்கு என்ன உரிமை? படத்தில் இருக்கும் மாமாவைப் பற்றிச் சொன்னேன். படலையில் கேட்ட குரலைச் சொன்னேன். அதோடு, ஒருவருக்கும் சொல்லாத ஒன்றையும், இவருக்குக்கூடச் சொல்லாததையும் சொன்னேன். தம்பி அன்று தானாக எழும்பிப் போகவில்லை. அவன் புத்தகமும் கையுமாக இருந்தான். "தம்பி, ஆரோ கூப்பிடினம், ஒருக்கா எட்டிப் பார்" என்று நான்தான் அனுப்பினேன்.

"நீங்கள் ஏன் போகேல்லை?"

"உனக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தனான்."

சொன்னபிறகுதான் அவள் முகம் மாறியதைக் கண்டேன். மூன்று வயதில் சோறு தின்றதற்காக ஒரு பிள்ளை தன்னை நொந்துகொள்வதா?

"உன்னாலை இல்லைப் பிள்ளை" என்றேன். "சட்டியை வைச்சிட்டு எழும்பியிருக்கலாம். எனக்குப் பஞ்சி, எழும்ப அலுப்பு. அதுதான் உண்மை."

கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்து நின்றாள். பிறகு குளிக்கப் போகிறேன் என்று மேலே ஏறிப் போனாள். நான் கோப்பை கழுவத் தொடங்கினேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் அவள் கூப்பிட்டது கேட்டது.

"அம்மா!"

ஒருதரம்தான் கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்" என்று ஈரக்கையோடு படியேறினேன்.