தகட்டுக்குப் பின்னால் நின்று ஜேர்மனிக்குப் பாடினேன்

பின்குரல் பாடுகிறவர் முதலில் பழக வேண்டியது சுருதி அல்ல, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து அதற்கு ஓரடி தள்ளி நிற்பது. இதை வாசிக்கிற உங்களில் பலர் மேடைப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. பள்ளிக்கூட அதிபரின் பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி வாங்கில் இருந்து கைதட்டியவர்கள், கலியாண வீட்டில் நாள் முழுக்கச் சமைத்துவிட்டுப் படம் எடுக்கும் நேரம் அடுப்படியில் நின்றவர்கள், எல்லாரும் என்னுடைய ஆட்கள்தான். உங்களுக்கு இந்தக் கதைகள் விளங்கும்.

ஒரே உண்மையான கருவி

மன்னாரில் பிறந்து, சிறுமியாக அப்பாவோடு அகதியாய் ஜேர்மனிக்குப் போனவள் நான். இரண்டாயிரங்களின் பின்பாதியில் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. றால்ஃப் என்கிற மொட்டைத்தலை மனிதர், தன் நடன இசைக்குப் பின்னால் விட ஒரு கூட்டக் குரல் தேவை என்று வந்து எங்களைப் பதிவு செய்துகொண்டு போனார். அடுத்த கிழமை திரும்பி வந்து, கூட்டம் வேண்டாம், சிவப்புச் சால்வை போட்டு நின்ற பெண் மட்டும் போதும் என்றார். சிவப்புச் சால்வை நான்.

அந்தப் பாட்டுத்தான் நாட்டுக்குள் நடந்த தெரிவில் வென்று, ஜேர்மனியின் சார்பில் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டிக்குப் போனது. போட்டியின் சட்டம் விசித்திரமானது. இசையை ஒலிப்பதிவிலிருந்து விடலாம். குரலை மட்டும் அந்த இடத்திலேயே பாட வேண்டும். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. றால்ஃபும் கூட்டாளியும் மின்சாரம் கொடுக்காத மெசின்களைத் திருகிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பெடியன்கள் ஆடுவார்கள். நடுவில் ஸ்வென்யா. அவள் ஆடினால் கண் எடுக்க ஏலாது, பாடினால் காது கொடுக்க ஏலாது. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆகவே ஆறாவது ஆள், ஒரு வெள்ளித் தகட்டுக்குப் பின்னால், ஒலிவாங்கியோடு நான். ஏன் இப்படி மறைத்து வைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். றால்ஃப் மெசினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டெல்லா, இந்த மேடையில் நீ ஒருத்திதான் உண்மையான கருவி. விலையான சாமானை ஆரும் வாசலில் வைப்பார்களா?"

கிட்ட, இன்னும் கிட்ட

அந்த நாட்களில் எனக்கு அன்ரனோடு கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. மன்னார்ப் பெடியன். சண்டை காரணமாக ஊரை விட்டு வந்து கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தார். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஒரு படம் வந்தது, ஒரு படம் போனது. மிச்சமெல்லாம் ரெலிபோன். விசா கிடைத்தால் ஹம்மில் கலியாணம், கிடைக்காவிட்டால் என்ன என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. அவர் விசாவுக்காக ஜேர்மன் படித்துக்கொண்டிருந்தார். நான் பிழை திருத்துவேன். அவர் இருமினால் எந்தப் பக்கம் திரும்பி இருமுகிறார் என்றுகூட எனக்குத் தெரியும். உயரம் தெரியாது.

பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். முதியோர் இல்லத்துத் துணி உலர்த்தும் அறையில் நின்று பாடினேன். பாட்டில் இருந்ததே மூன்று சொல்தான்: 'கிட்ட, இன்னும் கிட்ட' என்று ஜேர்மனில் திரும்பத் திரும்ப வரும். றால்ஃப் அதை டிஸ்கோவில் ஆடுகிறவர்களுக்காக எழுதியிருந்தார். நான் ஆருக்காகப் பாடினேன் என்பதை அந்த அறையில் தொங்கிய படுக்கை விரிப்புகள் அறியும். பிறகு அன்ரன் சொன்னார்: "நான் வரமாட்டன் எண்டே நிக்கிறன்? உம்மட இந்தப் பாட்டை விசா குடுக்கிறவைக்கல்லோ போட்டுக் காட்டோணும்."

அப்பாவின் விமர்சனம்

இசைத்தட்டு வந்ததும் முதலில் அப்பாவுக்குத்தான் போட்டுக் காட்டினேன். தொழிற்சாலையில் இருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்து கேட்டார். இசைத்தட்டில் என் குரலை றால்ஃப் ஒரு மெசினுக்குள் விட்டு எடுத்திருந்தார். ரோபோ ஒன்றுக்குக் காதல் வந்தது போல இருக்கும். மேடையில் அப்படி இராது, அங்கே குரலை உள்ளபடி விடுவோம் என்று றால்ஃப் சொல்லியிருந்ததை அப்பாவுக்கு விளக்கினேன்.

பாட்டு முடிந்தது. அப்பா தட்டை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உறையில் ஸ்வென்யாவின் படம். "கோவில்ல நல்லாத்தானே பாடுறனி பிள்ளை," என்றார். "இந்த மனுசன் ஏன் உன்னைப் பால்மா ரின்னுக்குள்ள இறக்கினவர்?"

கட்டைவிரல் கணக்கு

தகட்டுக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. காதில் மாட்டிய கருவி வழியாகத்தான் தாளம் வரும். ஒத்திகை ஒன்றில் அது நின்றுபோனது. பாட்டை நிறுத்துவதா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த சங்கீதம் கைகொடுத்தது. டும், டும் என்று காலுக்கடியில் பலகை அதிர்வது எட்டு எட்டாகத்தானே வருகிறது. தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு பாடி முடித்தேன். ஒரு தட்டு, சின்ன விரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சும், தட்டும் வீச்சும்.

நடன அமைப்பாளர் பெண் பக்கவாட்டில் நின்று என் கையைப் பார்த்திருக்கிறாள். ஒத்திகை முடிந்ததும் ஓடி வந்து, அதுதான் பாட்டின் அசைவு என்றாள். அன்று பின்னேரமே ஸ்வென்யாவும் பெடியன்களும் தொடையில் தாளம் போட்டார்கள். வெளிச்சத்தில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்வென்யா தட்டியவுடன் கட்டைவிரலுக்குப் போய், அங்கிருந்து சுட்டுவிரல், நடுவிரல் என்று வந்தாள். சின்ன விரலில் தொடங்கு என்று பல தடவை பிடித்துக் காட்டினேன். விரல் கேட்கவில்லை. அவள் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டாள்: "கட்டைவிரல்தானே ஒன்று. ஒன்று இருக்கும்போது நீங்கள் ஏன் கடைசியில் இருந்து எண்ணுகிறீர்கள்?"

சுவர்

போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அன்ரனுக்கு ஜேர்மன் தூதரகத்தில் விசா நேர்காணல் வந்தது. மொழிச் சோதனையில் நல்ல புள்ளி. சேர்ட் மினுக்கி, என் படத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ஒருவரையொருவர் காணாமலே செய்கிற கலியாணம் என்றால் அங்கே சந்தேகம் வரும். வரத்தான் செய்யும். ஆளை உண்மையில் அறிவீர்களா, எப்படி அறிவீர்கள் என்று நோண்டுவார்கள். உங்கள் வருங்கால மனைவி என்ன செய்கிறார் என்று அங்கிருந்த அம்மணி கேட்டாராம். முதியோர் இல்லம் என்று சொல்லியிருந்தால் போதும், அதுவும் உண்மைதான். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கட நாட்டுக்காகப் பாடுகிறா என்று, படித்த ஜேர்மனையெல்லாம் திரட்டிச் சொல்லியிருக்கிறார்.

அம்மணிக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும். உடனே கணினியைத் திருப்பிக் குழுவின் படத்தைக் காட்டி, இதில் எது அவர் என்று கேட்டார். றால்ஃப், கூட்டாளி, பெடியன்கள், ஸ்வென்யா. ஐந்து பேரும் வெள்ளைத் தோல், வெள்ளி உடுப்பு. அன்ரன், இதில் இல்லை, இவர்களுக்குப் பின்னால் நிற்கிறா என்றார். அம்மணி படத்தைக் குனிந்து பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னாராம்: "ஐயா, இவர்களுக்குப் பின்னால் இருப்பது சுவர்."

புகை

விசா முடிவு வரக் கிழமைகள் எடுக்கும். அதற்குள் நான் ஒருதரமாவது திரையில் தெரிந்துவிட்டால், அந்த ஒளிப்பதிவைக் கொண்டுபோய்க் காட்டலாம். றால்ஃபிடம் போய் நின்றேன். நான் கேட்டுப் பழகாதவள், அவர் எனக்குக் கொடுத்துப் பழகாதவர். முழுக் கதையையும் சொன்னேன். அவர் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, கடைசி வரியில் தகட்டுக்கு வெளியே வந்து ஸ்வென்யாவின் பக்கத்தில் நின்று பாடு, கமராக்காரருக்கு நான் சொல்கிறேன் என்றார். சொன்னபடி சொல்லியும் விட்டார்.

போட்டி வேறொரு நாட்டின் தலைநகரில். சும்மா கறுப்பு உடுப்பில் நிற்கிறவள், அன்றைக்கு ஆருக்கும் சொல்லாமல் பொட்டு வைத்தேன், தோடு போட்டேன். கடைசி வரிக்கு வெளியே வந்தேன். வெளிச்சம் முகத்தில் சுட்டது. எனக்கு முன்னால் கமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துப் பாடினேன். 'கிட்ட, இன்னும் கிட்ட.' அந்தச் சொல்லுக்குத்தான் புகை விடுவதாகவும் திட்டம். ஒத்திகையில் மேடை ஓரத்தில் முழங்கால் அளவுக்குப் போன புகை, மண்டபத்தில் காற்று மாறியதால் நேரே என்னிடம் வந்தது. பிறகு ஒளிப்பதிவில் பார்த்தேன். ஸ்வென்யா தெரிகிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு முகில் பாடுகிறது. முடிவு அட்டவணையில் எங்களைத் தேடுகிறவர்கள் கீழிருந்து தேடுவது நல்லது. நான் மேடைப் படியில் இருந்து தோட்டைக் கழற்றும்போது புகை மெசின்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். வயது போன, நல்ல மனிதர். "இன்றைக்குப் புகை நன்றாக வந்தது, இல்லையா?" என்றார்.

அன்ரன் பார்த்தது

அடுத்த நாள் அன்ரன் வெள்ளவத்தையில் ஒரு நெற் கஃபேயில் இருந்து பாட்டைப் பார்த்துவிட்டு ரெலிபோன் எடுத்தார். கண்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் என்னைப் பற்றித் தொடங்கவில்லை. கோவிலில் மிருதங்கம் வாசிக்கிறவர், தாளத்தில்தான் தொடங்கினார். அந்த வெள்ளைப் பெட்டை தொடையில் என்ன செய்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"அப்ப என்னைக் காணேல்லை," என்றேன்.

"இல்லை. ரெண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டனான். கஃபேக்காரன் ஏன் அண்ணை காசு குடுத்துப்போட்டு நித்திரை கொள்ளுறியள் எண்டு கேக்கிறான்."

விசா மறுப்பு அதற்குப் பிறகு வந்தது. அதையும் அவர் ரெலிபோனில்தான் சொன்னார். திரும்பவும் விண்ணப்பிப்போம் என்று நான் சொல்ல, ஓம் என்றார். அந்த ஓமில் ஒன்றும் இல்லை. வைக்கும் முன் சொன்னார்: "ஸ்டெல்லா, அந்தப் பாட்டைக் கொஞ்ச நாளைக்குப் பாடாதையும். என்னைத்தான் கூப்பிடுறீர் எண்டு தெரியும். வர ஏலாதவனுக்கு அதைக் கேக்க ஒரு மாதிரி இருக்கு."

எதிர்த்திசை

கோடை முழுக்க ஊர் ஊராக ஆட அழைப்பு இருந்தது. போட்டியில் தோற்ற பாட்டுக்கும் டிஸ்கோக்களில் மரியாதை உண்டு. றால்ஃப் நல்ல சம்பளம் சொன்னார், போகிற இடமெல்லாம் முன்னால் நிற்கவும் விடுகிறேன் என்றார். எத்தனை வருசம் கேட்க நினைத்த சொல். இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை. கொழும்புக்கு ஒருவழி ரிக்கெற் போட்டேன். முதியோர் இல்லத்தில் பைத்தியம் என்றார்கள். தமிழ்க் கடையில் பைத்தியம் என்றார்கள். இரண்டு மொழியிலும் படித்ததால் இரண்டிலும் விளங்கியது.

ஸ்வென்யா விமான நிலையம் வரைக்கும் வந்தாள். பெட்டியை இழுத்துத் தந்துவிட்டு, என் சின்ன விரலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். "நீ போன பிறகு நான் வாயைத் திறந்தால்," என்றாள், "உள்ளே இருந்து என்னுடைய குரல் அல்லவா வரப்போகிறது." அப்பா அவளுக்குப் பின்னால் தொழிற்சாலை உடுப்போடு நின்றார். உலகமே இந்தப் பக்கம் வர அடிபடுகிற நேரத்தில் எதிர்த்திசையில் போகிற மகளுக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் இருந்து தொண்டைக்கு உறிஞ்சும் மிட்டாய் ஒரு கடதாசிச் சரை எடுத்துத் தந்தார். "போய்ச் சேந்தவுடனை கதை பிள்ளை. அவரைக் குறை சொல்லுறதெண்டாலும் என்னட்டைச் சொல்லு."

கொழும்பு, வருகை வாசல்

படம் பழையது என்பதால் ஆளைப் பிடிக்கச் சிரமப்பட்டேன். நான் நினைத்ததைவிட உயரம் குறைவு, தோள் அகலம். அவரும் என்னைத் தாண்டி இரண்டு மூன்று பெண்களைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். இத்தனை காலம் மணிக்கணக்காகக் கதைத்த இருவரும் பெட்டி வண்டிலைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கதைக்காமல் நின்றோம். பயணம் எப்படி என்றார். நல்லம் என்றேன். சாப்பிட்டீரா என்றார். ஓம் என்றேன். அறியாத ஆளுக்கு முன்னால் நிற்கிற கூச்சம். இதற்காகவா அவ்வளவையும் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தேன்.

வெளியே நின்ற வான் வண்டிக்குப் பக்கத்தில் போனதும் அவர் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டீரே," என்றார். "கொஞ்சம் அங்கால திரும்பி நிண்டு கதையும். முகத்தைப் பாத்தால் ஆரோ மாதிரி இருக்கு."

ஒரு கண்டமே பார்த்திருக்க முகம் தெரியாமல் பாடிவிட்டு வந்தவளின் குரலை, ஒரே ஒரு மனிதர் முகம் பார்த்துக் கேட்கப் பழக ஒரு மாரி காலம் முழுக்க வேண்டியிருந்தது.