கராம்பு மணம்

மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற என் அக்காவுக்கு வலது கண்ணில் புரை. சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குள் இரத்தத்தில் சீனி இறங்கவேண்டும். இல்லையென்றால் நாள் தள்ளிப்போகும். வீட்டிலிருந்த கருவியிலோ நாலு நாளாக எண் ஏறிக்கொண்டே போனது.

மஹய்யாவ வீட்டில் நாங்கள் இருவர்தான். ஆகவே சந்தேக நபரும் ஒருவரே. பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதியே வயதானவன் நான், தடயம் தேடினேன். பிரிஜ்ஜில் வட்டிலப்பம் இருந்தது; கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்து, மேலே கஜு என்னும் முந்திரிப்பருப்பு பதித்த இனிப்பு. அக்காவின் பழைய அலுவலகத் தோழி நோன்புப் பெருநாளுக்கு அலவத்துகொடையிலிருந்து கொண்டுவந்தது. அதில் ஒரு மூலை குறைந்திருந்தது. காலையில் நானும் ஒரு மூலை எடுத்திருந்தேன்தான். ஆனால் அவ்வளவு பெரிய மூலையா என்பது நினைவில்லை. அக்கா அருகே வந்தபோது கராம்பு மணத்தது. வட்டிலப்பத்திலும் அதே மணம். வழக்கு முடிந்தது.

“திருடித் திங்கிறீங்க.”

“நானா? நாலு நாளா கஞ்சியத் தவிர ஒன்னும் எறங்கல. சாமி சத்தியமா.”

“சாமிய ஏன் சாட்சிக்குக் கூப்பிடுறீங்க? வாய் மணக்குதே.”

அக்கா வாயை மூடிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். என் வாதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு அக்காவிடம், “அம்மா, வாயைத் திறவுங்கோ” என்றார். கடைவாய்ப் பல்லடியில் சீழ். பல்லின் குழியில் ஒரு கராம்பு.

“எத்தினை நாளா நோகுது?”

“ஒரு வாரமா. சொன்னா கண் ஒப்பரேஷன தள்ளிப்போட்டுருவீங்கன்னுதான்...”

“ஒளிச்சதாலதான் இப்ப தள்ளிப்போகுது. உடம்பில கிருமி பிடிச்சா, ஒண்டும் சாப்பிடாட்டியும் சீனி ஏறும். நோவும் யோசனையும் இன்னும் ஏத்தும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “வீட்டில விசாரணை வைச்சாலும் ஏறும்.”

பல்லைப் பிடுங்கினார்கள். மருந்து முடிவதற்குள் எண் இறங்கத் தொடங்கியது. கண் சத்திரசிகிச்சை ஒரு மாதம் பிந்தி, நல்லபடியாக நடந்தது. அந்த ஒரு மாதமும் நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுபடியும் வட்டிலப்பம் வந்தது. சத்தமில்லாமல் பிரிஜ்ஜைத் திறந்து, ஒரு மூலையை வெட்டி வாயில் போட்டேன். அக்கா முன்னறையில் கதிரையில் இருந்தபடியே, புரை நீங்கிய கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்த மூலையில ரெண்டு கஜு இருந்துச்சே, எங்க?”