எனக்குப் பதிலாகத் தொப்பி

டூட்டிங் உணவகம் ஒன்றில் எங்கள் கலியாண நாள் மதியச் சாப்பாடு. இந்த வெளிநாட்டுப் பயணத்தில் சூதாடுவதில்லை என்று மனைவிக்குச் சத்தியம் செய்த நான், கை கழுவப் போவதாகப் பொய் சொல்லி, என் கதிரையில் தொப்பியை வைத்துவிட்டு, பக்கத்துச் சூதாட்டக் கடையில் இயந்திரத்தின் முன் இருக்கிறேன்.

திரையில் படங்கள் நிறைந்த ஐந்து நிரல்கள் சுழல்கின்றன. எந்தப் படத்துக்கும் பதிலாக நிற்கக்கூடிய 'வைல்ட்' எனக்குக் கடைசி நிரலிலேயே விழுகிறது.

"அங்கை விழுந்து பிரயோசனமில்லை, அண்ணை," என்கிறார் பக்கத்தில் ஆடும் யாழ்ப்பாணத்தவர். "படங்கள் இடப்பக்கத்தால சேர்ந்துகொண்டு வரவேணும். வைல்ட் ரெண்டாவதில விழவேணும்."

"அப்பிடி விழுத்த ஏலுமோ, தம்பி?"

"ஏலாது. அது மெசின்ர விருப்பம். ஆனா நான் ரெண்டாவதை விடாமல் முறைச்சுப் பாக்கிறனான்."

கல்லூரியில் நிகழ்தகவு படிப்பித்து ஓய்வுபெற்ற நானும் முறைக்கத் தொடங்குகிறேன். வைல்ட் அசைந்து கொடுப்பதாக இல்லை. பையில் இருந்த காசு முழுவதும் போய்விடுகிறது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்புக்கொள்கிறேன். என் தட்டில் இடியப்பம் ஒன்றுகூட இல்லை.

"என்ர சாப்பாடு எங்கை?"

அவள் தொப்பியைக் காட்டுகிறாள். "உங்களுக்குப் பதிலா இருந்தவர் சாப்பிட்டிட்டார். பில்லை மட்டும் நீங்கள்தான் கட்டவேணுமாம்."