இஸ்திரிக் கடைப் பலகை

நாளிதழை மேஜையில் விரித்து, மடிப்புப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிட்டுத்தான் இஸ்திரிக்காரர் வாசிப்பார். சட்டைகளெல்லாம் அப்புறம். தலைப்புச் செய்திகளைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பக்கத்தின் அடியில் மூன்று வரியில் ஒதுங்கிக் கிடக்கும் செய்திதான் வேண்டும். அதை நாலடிப் பாட்டாக்கிக் கடைவாசல் கரும்பலகையில் எழுதிய பிறகே முதல் துணியைத் தொடுவார்.

பாட்டில் எழுத்துக்கு எழுத்து மோனை ஒத்துப்போக வேண்டும். அதற்காகச் செய்தியில் இல்லாததையும் சேர்த்துக்கொள்வார். ஒருமுறை லாரி ஒன்று ஏரிக்குள் பாய்ந்தது, ஓட்டுநரைக் காணவில்லை. அவர் எழுதினார்:

ஏரிக்குள் போச்சுது லாரி – கரை
ஏறலை ஓட்டுநர் இன்னும்;
மாரில் அணைத்தபடி ஒரு
மஞ்சள் குடை உண்டு கீழே.

பக்கத்துக் கடைத் தையற்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், லாரிக்காரனுக்கு எதுக்குய்யா குடை?"

"மாருக்கு மஞ்சள்தான் பொருந்துச்சு. நான் என்ன பண்ண?"

மூன்றாம் நாள் உடலைத் தூக்கினார்கள். விரல்களிலிருந்து குடையைப் பிரிக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. மஞ்சள் குடை.

அதற்கப்புறம் தையற்காரர் சிரிப்பதில்லை. "என் பேரு மட்டும் உன் பலகையில ஏறிடாம பாத்துக்க சாமி." தெருவில் எல்லோரும் பலகையைப் பார்க்காமல் நடக்கப் பழகினார்கள், நாலு எட்டு தாண்டியதும் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கும் பயம்தான். ஒருநாள் எழுதாமல் இருந்து பார்த்தார். கை நிலைகொள்ளாமல் டாக்டரின் வெள்ளைக் கோட்டைத் தீய்த்துவிட்டார்.

போன வியாழன் காலை, மலையில் தோண்டிய சுரங்கப் பாதை சரிந்து ஏழு தொழிலாளர்கள் உள்ளே சிக்கிய செய்தி வந்தது. மூன்று அடி எழுதியிருந்தார்:

மலைக்குள் ஏழுபேர் நிற்க – மண்
வழியினை மூடிற்று நேற்று;
அலைந்தபின் ஆறுபேர் மீள்வார்

நாலாவதற்குச் சாக்பீஸைத் தூக்கியபோது பின்தெருப் பெண் நீலச் சட்டையோடு வந்து நின்றாள். உள்ளே இருக்கும் ஏழு பேரில் ஒருவன் அவள் கணவன்.

"நேத்துலேருந்து போன் போட்டுட்டே இருக்கேண்ணே, கிடைக்க மாட்டேங்குது. வெளிய வந்ததும் போட நல்ல சட்டை ஒண்ணு வேணும்ல."

பலகையை வாசித்தாள். "ஆறுன்னு எதுக்கு எழுதினீங்க?"

"'அலைந்தபின்'னு ஆரம்பிச்சேன்மா. அதோட ஆறுதான் சேருது."

"சேர வேணாம். ஏழுன்னு போடுங்கண்ணே."

அவர் விரலால் அழித்து, ஏழு என்று எழுதினார். ஓசை இடறியது. இடறட்டும் என்று விட்டார்.

"கடைசி அடி?"

"வேணாம்மா. இன்னிக்கு மூணே போதும்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் சட்டையை விரித்துக் காலரில் ஆரம்பித்தார். வலது கை, இடது கை, முதுகு. தேய்க்கத் தேய்க்க, எழுதாத நாலாவது அடிக்கு அவர் உதடுகள் தானாக அசைந்தன.

"என்னண்ணே சொல்றீங்க?"

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இடது உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார்.