பசித்த கரி

மண் கறுத்துவிட்டால் கரிசலாகிவிடும் என்று நம்பியவன் நான். கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் இருபது வருடம் தள்ளினவனுக்கு, நிறம் மாறினால் சரக்கே மாறின மாதிரிதான்.

மண்ணூரில் அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக அரை ஏக்கர். மூன்று பக்கம் கம்பெனிச் சுவர், நடுவில் எதையும் பிடித்து வைக்காத வெளுத்த மண். விற்றுவிடலாம் என்றார் அண்ணன். முடியாது என்றேன். கடைசியில், இந்த ஒரு போகம் வெண்டை தேறாவிட்டால் கையெழுத்துப் போடுவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வேர்க்கடலைத் தோலையும் காய்ந்த கத்தரிச் செடியையும் டிரம்மில் போட்டு, சாம்பலாகாதபடி காற்றை அடைத்துக் கரியாக்கினேன். பொடித்து, ப்ரைமர் அடிப்பது போலச் சீராகப் பரப்பிக் கொத்திவிட்டு விதை போட்டேன். நிலம் கறுகறுவென்று இருந்தது. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அதுதான் தப்பு.

முளைத்து மூன்றாவது வாரம் இலையெல்லாம் மஞ்சள். ஷிப்ட் முடிந்து ஓடிப்போய்ச் செடி செடியாக எண்ணினேன். நேற்றைய எண்ணிக்கை மறந்துபோய் மறுபடி எண்ணினேன். முப்பது வருடமாகப் போடும் கையெழுத்தைப் பேப்பரில் போட்டுப் பழகினேன்.

"மஞ்சக்காமாலை செடிக்கா, உனக்கா?" என்றாள் மனைவி.

அண்ணன் புரோக்கரோடு வந்தார். "இன்னாடா, மண்ணுக்கு மை பூசிட்டியா?"

புரோக்கர் பேனாவைத் திறந்தார். என் வாய் அடங்கவில்லை. "போகம் முடியல. பேனாவ மூடிக்கினு கெளம்பச் சொல்லு."

அவர்கள் போனதும், பென்னலூரில் மாடு வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் சாணம் கேட்டு ஓடினேன். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெறுங்கரியவா போட்ட? அதுக்கே பசிண்ணே. பசிச்சவன் கையில கரண்டியக் குடுத்தா பந்திக்கு இன்னா மிஞ்சும்?"

சாணமும் கோமியமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்த பிறகே கரியை மண்ணில் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் செடிக்குப் போகிற சத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். போட்டதை அள்ள முடியாது. அந்தக் கரைசலைக் குடம் குடமாக நிலத்துக்கே ஊற்றினேன். ஒரு வாரம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. வரட்டும்.

இலை பச்சையானது. வெண்டை காய்த்தது, மேற்கு மூலையில் நாலு வரிசை தேறவில்லை. அண்ணன் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு போனார். நிலத்தை விற்கவில்லை.