பதினாலு மூட்டை பெல்லட்டும் ஒரு கரண்டியும்

எனக்குக் கண் அளவு உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். மாவுப் பானையை எட்டிப் பார்த்தால் எத்தனை இட்லி வரும் என்று சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டில் பந்தி தொடங்கும் முன்னே சாம்பார் பத்துமா பத்தாதா என்று சொல்வேன். சமையல்காரர்களே என்னைத் தேடி வந்து கேட்டிருக்கிறார்கள். படிப்பு அதிகம் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் என்னை யாரும் மிஞ்சியதில்லை, ஒரே ஒரு மழைக்காலம் தவிர. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு இட்லிக் கடை. பட்டாசுக் கம்பெனி வேன்கள் நின்று ஆள் ஏற்றுகிற இடம். காலையில் வேன் வருவதற்குள் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுவார்கள், மற்றவர்கள் தூக்குச் சட்டியில் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். வெகுகாலம் வேலிக்கருவை விறகில்தான் அவித்தேன். மழை வந்தால் விறகு நனையும், நான் அழுவேன், புகையில்தான். அதைப் பார்த்துவிட்டு என் மகன் பெல்லட் அடுப்பு ஒன்று கொண்டுவந்து இறக்கினான்.

கடலைத் தோலையும் மரத்தூளையும் இறுக்கி, விரல் கணு அளவுக்குத் துண்டு துண்டாக ஆக்கியிருப்பார்கள். அதுதான் பெல்லட். பார்க்க மாட்டுத் தீவனம் மாதிரியே இருக்கும். வந்த அன்றைக்கே எதிர்வீட்டு ஆடு ஒன்று ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. அடுப்பின் வயிற்றில் இதைக் கொட்டி, மேலே சூடம் வைத்துப் பற்றவைத்து, சின்னக் காற்றாடியைப் போட்டுவிட்டால் தீ நீலமாக நின்று எரியும். புகை கிடையாது. எனக்குப் பிடித்துப்போனது.

ஒரே ஒரு சங்கடம். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் பெல்லட் செய்கிற இடத்தில் தோலும் தூளும் காயாது. மார்கழி வரைக்கும் லோடு வராது. ஆகவே புரட்டாசியிலேயே இரண்டு மாதத்துக்கு வாங்கிப் போட்டுவிட வேண்டும். குறைத்து வாங்கினால் கடையை மூட வேண்டும். கூட்டி வாங்கினால் மிச்சம் ஈரம் குடித்து உப்பிப் பாழாகும்.

நான் முறையாகத்தான் அளந்தேன். ஒரு காலையில் படியை எடுத்துத் தலை தட்டி அளந்து போட்டு, ஒரு படிக்கு எத்தனை ஈடு வேகிறது என்று பார்த்தேன். ஈடு என்றால் கொப்பரையில் ஒரு தடவை வைத்து எடுக்கிற இட்லி. பிறகு ஒரு மூட்டையைப் பிரித்து எத்தனை படி என்று அளந்தேன். மூட்டை ஒன்று நாலு நாளைக்கு வரும். தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும், வேன் வராது, இட்லி பாதியாகிவிடும். அப்போது அதே மூட்டை எட்டு நாள் நிற்கும். சாம்பாருக்கும் டீக்கும் தனியாக ஒதுக்கினேன். யோசிக்காமல் வருகிற செலவுக்கு ஒரு மூட்டை. ஆகமொத்தம் பதினாலு.

என் மகன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவன் போனை எடுத்துத் தட்டினான். "இருவத்தொண்ணும்மா" என்றான்.

"ஏலே, உன் போனு என்னைக்கு இட்லி அவிச்சிருக்கு?" என்று கேட்டேன். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பதினாலு பத்தலைன்னா?"

"பத்தலைன்னா இந்தக் கரண்டிய உன் பொண்டாட்டி கையில குடுத்துட்டு நான் மூலையில உக்காந்துக்கிடுறேன். கடைய அவ நடத்தட்டும்."

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என் மருமகள் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலண்டருக்குச் சீசனே அந்த மாதங்கள்தான். குடத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக இறக்கி வைத்தாள். அன்றைக்கு வேன் புறப்படுவதற்குள் நான் சொன்னது தெரு முழுக்கப் பரவிவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

பதினாலு மூட்டையும் வந்து இறங்கியது. வீட்டுப் பின்கட்டில் அடுக்கச் சொன்னேன். மகன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"ஒரே ரூம்ல பதினாலு மூட்டையா? லைசென்ஸ் போயிரும்."

"இது வீடுடா. வீட்டுக்கு ஏதுடா லைசென்ஸு?"

அவன் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பட்டாசு வேலையில் எதையும் ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது. ஒரு அறைக்கு இவ்வளவு சரக்கு, இத்தனை ஆள், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று கணக்கு. அது எங்கள் தெருவில் எல்லாருக்கும் எலும்பில் ஊறியது. எரிகிற சாமான் பதினாலு மூட்டை ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒருவரும் தூங்க மாட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு, மிச்சம் பன்னிரண்டும் பன்னிரண்டு வீட்டுக்கு, வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு மூட்டைக்கும் பக்கத்தில் ஒரு வாளி மண், ஒரு வாளி தண்ணீர். தீக்குச்சியைக் கிழித்து மேலே போட்டாலும் அந்தப் பெல்லட் பற்றாது. சூடத்தை வைத்து நான் ஊதி ஊதிச் சாகிறேன். இதைச் சொன்னால் கேட்க ஆள் இல்லை.

கடைசி வீட்டுக்காரி, மூட்டை இருக்கிற அறைக்குள் செல்போன் கூடாது என்று சட்டம் போட்டாள். அவர்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறைதான். அவள் புருஷன் போன் வந்தால் தெருவில் நின்று மழையில் நனைந்தபடி பேசுவார். இன்னொரு வீட்டுப் பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு முக்கு வரைக்கும் நடந்து போய் பீடி குடித்துவிட்டு வந்தார். அவருக்குப் பீடி பாதியாகக் குறைந்தது. அவர் சம்சாரம் எனக்கு நன்றி சொன்னாள்.

ஐப்பசி முதல் பாதி என் கணக்குப்படியே போனது. மழையும் வந்தது, தீபாவளியும் முடிந்தது, இட்லியும் பாதியானது. நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் வெந்நீர் தொடங்கியது.

மூன்றாவது வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தாள். அவள் அம்மா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பச்சை உடம்புக்காரிக்கு ஊற்ற வேண்டும், வீட்டில் விறகெல்லாம் நனைந்துவிட்டது, உங்கள் அடுப்பில் ஒரு கொதி வைத்துத் தாருங்கள் என்றாள். எப்படி மறுப்பது? வைத்துக் கொடுத்தேன். மறுநாள் அவள் பக்கத்து வீட்டுக்காரி தவலையோடு வந்தாள். அவள் வீட்டில் பிள்ளையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நான் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க மூட்டைக்கு ஒரு மாசமா நாங்க காவ இருக்கோம்ல. ஒரு தவல வெந்நி வைக்கப் பிடாதா?"

தவலையை வாங்கி அடுப்பில் ஏற்றினேன். அடுத்த வாரத்துக்குள் பன்னிரண்டு வீடும் வரிசையில் நின்றது. மூட்டை வைத்ததற்கு வாடகை மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி பூட்டியிருந்ததால் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். சும்மா இருக்கிற மனுஷனுக்குக் குளிர் அதிகமாகத் தெரியும் போல. வருஷம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்தவர்கள் எல்லாம் வெந்நீருக்கு மாறினார்கள். நான் இட்லியை அளந்தேன், சாம்பாரை அளந்தேன், டீயை அளந்தேன். தெருவின் முதுகை அளக்க மறந்துபோனேன்.

இது போதாதென்று ஒரு வீட்டில் ஓடு ஒழுகி மூட்டை நனைந்துவிட்டது. பெல்லட் நனைந்தால் கெட்டியாக இருக்காது. உப்பி, உதிர்ந்து, ரவை உப்புமா மாதிரி ஆகிவிடும். சாக்கு வெடித்து அது வீடெல்லாம் பரவிக் கிடந்தது. இன்னொரு வீட்டில் வாசலில் தண்ணீர் ஏறியபோது மூட்டையைக் குறுக்கே போட்டுப் படியாக்கி மிதித்து நடந்திருக்கிறார்கள். "கல்லு மாதிரி இருந்துச்சு, அதான்" என்றார்கள்.

கார்த்திகை பாதியில் நான் தெருவில் ஒரு நடை நடந்து எண்ணினேன். மிச்சம் ஒன்றரை மூட்டை. இன்னும் பதினைந்து நாள் கிடந்தது. கரண்டி இல்லாமல் என்னை நினைத்துப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்து, மருமகள் ஊற்றுகிற இட்லியைப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு தெருவில் தலை காட்ட வேண்டும்.

வெந்நீரைக் கொதிக்க விடாமல் வெதுவெதுப்பாக இறக்கிக் கொடுத்தேன். நேற்றுத்தானே குளித்தீர்கள் என்று சிலரைத் திருப்பி அனுப்பினேன். வெளியூர் ஆள் கூடுதலாக இரண்டு இட்லி கேட்டால், மழை நேரத்தில் வயிற்றைக் காலியாக விடுவது நல்லது என்று வைத்தியம் சொன்னேன். யாவாரம் பண்ணுகிறவள் பேசுகிற பேச்சா அது?

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. மூட்டை குறையவில்லை. வெந்நீரும் சேர்த்து நாலு நாளில் தீர வேண்டிய மூட்டை ஏழு நாள் நின்றது. அரை மூட்டை ஒரு வாரம் ஓடியது. எனக்கே நம்ப முடியவில்லை. கடைசியில் என் கண் அளவு ஜெயித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். கார்த்திகை கடைசி நாளன்று கடைசி ஈட்டை இறக்கியபோது சாக்கின் மூலையில் அரைப்படி கிடந்தது. மகன் எல்லார் முன்னாலும் எனக்குக் கும்பிடு போட்டான். இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னான். பீடிக்காரப் பெரியவர், "ஆத்தா கண்ணு தராசுல்லா" என்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

மத்தியானம் அடுப்புச் சாம்பலைத் தட்டினேன். பெல்லட் சாம்பல் திருநீறு மாதிரி விழும். அன்றைக்குக் கறுப்பாக, வளைந்த துண்டு ஒன்று விழுந்தது. தேங்காய்ச் சிரட்டை. கிளறினேன். மக்காச்சோளக் கட்டையும் இருந்தது.

நான் பெல்லட் அடுப்பில் சிரட்டை போடுகிறவள் இல்லை. காலையில் பற்றவைப்பதுதான் நான். அடுப்பின் வயிற்றை முந்தின சாயங்காலமே நிரப்பி வைப்பது மருமகளின் பாடு. அவள் வேலை விட்டு வந்ததும் அந்தத் துண்டை அவள் முன்னால் வைத்தேன்.

"எம்புட்டு நாளாத்தா?"

"பதினஞ்சு நாளா, அத்தே. அடியில சிரட்டை, கட்டை. மேல கொஞ்சம் பெல்லட்டு."

என் மானத்தைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்லவும் செய்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே நிமிராமல் பேசினாள்.

"உங்க மானத்துக்கு என்ன கொறச்சல் அத்தே? என்னால நாலு மணிக்கு எந்திரிச்சு இட்லி அவிக்க முடியாது. கம்பெனியில நான் நிழல்ல உக்காந்து வேலை பாக்கேன். அந்தக் கரண்டிய என் தலையில கட்டுறதுக்கு முன்னால நீங்களாவது உங்க மகனாவது என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கேட்கவில்லை. அது உண்மைதான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் தராசு தராசு என்றார்கள். சிரட்டைக்குக் கிடைத்த பேரை நான் எப்படி வைத்துக்கொள்வது? மூன்றாம் நாள் காலை, புது லோடு வந்து, கடை நிறைய ஆள் இருந்தபோது, நடந்ததைச் சொல்லிவிட்டேன். பதினாலு பத்தவில்லை, என் கணக்குத் தப்பு என்றேன். கரண்டியைத் துடைத்து மருமகள் கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்துப் போதாது.

ஆனாலும் வாங்கினாள். நான் சொன்னபடி மூலையில் போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு ஈடு ஊற்றினாள். துணியை நனைக்க மறந்துவிட்டாள், இட்லி பிய்ந்து வந்தது. இருந்தவர்கள் பிய்ந்ததைச் சாம்பாரில் பிசைந்து சாப்பிட்டார்கள். இரண்டாவது ஈட்டுக்கு மாவை அள்ளியபோது காலண்டர் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் பையை எடுத்தாள், ஓடினாள், ஏறினாள். வேன் திரும்பி மறைந்த பிறகுதான் தெரிந்தது, கரண்டியும் கூடவே போய்விட்டது. அன்றைக்கு முழுக்க நான் டம்ளரால் மாவு ஊற்றினேன்.

சாயங்காலம் பைக்குள்ளிருந்து கரண்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். கழுவித்தான் வைத்திருந்தாள்.

"ஒரு நாளு வச்சிருந்தேன், உங்க வாக்குச் சரியாப் போச்சு. கம்பெனியில அம்புட்டுப் பேரும் சிரிக்காக. இனிமே என்னையக் கேக்காமப் பந்தயம் கட்டாதீக."

இந்தப் புரட்டாசியில் மகன் போனை எடுக்கும் முன்னாலேயே நான் அவளிடம் போய், எத்தனை மூட்டை சொல்லலாம் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணினாள். பன்னிரண்டு வீட்டு வெந்நீரையும் சேர்த்து இருபத்து மூன்று என்றாள்.

இருபத்திரண்டு போதும் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை.