பெயர் எழுதாத ஷிஃப்டுகள்

இன்று காலை, நாங்கள் இப்போது வசிக்கும் கிட்வாய் நகரில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. முன்னால் நின்றவரின் டின் ததும்பி என் செருப்பு நனைந்தது. அந்த வாசனையில், அசாமில் நாங்கள் இருந்த சின்ன ஊரும் அதன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அப்படியே எழுந்து வந்தன. அந்த ஆலையின் வரலாற்றை நானே எழுதினால் என்ன?

ஆலையை முதன்முதலில் ஓட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அன்று வடித்த மண்ணெண்ணெயில் ஒரு குப்பி கொண்டுவருவார். மின்விளக்கை அணைத்துவிட்டு அதில் அரிக்கேன் விளக்கை ஏற்றுவார். கண்ணாடியில் கரி படிந்தால் வடிப்பதில் ஏதோ கோளாறு என்று சாப்பிடாமல் ஆலைக்கே திரும்பிவிடுவார். “கரன்ட் இருக்கிற வீட்டுல இது என்ன கூத்து?” என்பாள் அம்மா. கண்ணாடி கறுக்கக்கூடாதே என்று நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். “அப்பா, உங்ககூட ஆரம்பத்துல வேலை செஞ்சவங்க பேரெல்லாம் சொல்லுங்க, சீக்கிரம், ஜல்தி.”

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா மெதுவாகத்தான் பேசுகிறார். “போரா... அப்புறம்...” விரல்களை மடக்கி எண்ணப் பார்த்தார். “ஞாபகம் வரலைம்மா.”

“ஷிஃப்ட் ரிஜிஸ்டர்ல இருக்குமே?”

“அதுல பேர் எழுத மாட்டோம். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், அவ்வளவுதான். யார் பண்ணா என்ன, ஆலை ஓடுதுல்லன்னு இருந்துட்டோம்.”

வீட்டில் இருக்கும் ஆலைத் திறப்பு விழா மலரில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. போரா மாமா இறந்து வருடங்களாகின்றன. அவர் மனைவி அந்த ஊரில்தான் இருக்கிறாரா, தெரியாது. பதில் வருமென்ற நம்பிக்கையும் இல்லை. அவர்களுடைய பழைய குவார்ட்டர்ஸ் முகவரிக்கே இன்று அவருக்குக் கடிதம் எழுதப் போகிறேன், இன்னும் ஒரே ஒருவரின் பெயராவது கேட்டு.